மாரிமுத்து தவறவிட்ட வண்டி

போன மாதம் மூன்று பையன்கள் கேமராவும் கையுமாக என் வீட்டுக்கு வந்தார்கள். ரயில் ரசிகர்களாம். சினிமா நடிகருக்குப் பாலாபிஷேகம் செய்கிற ஊரில் ரயிலுக்கும் ரசிகர்கள் இருப்பதில் தப்பில்லை. ரயிலாவது நேரில் வந்து நிற்கும். ஆனால் யாராவது என்னைத் தேடி வந்தால் எனக்கு முதலில் வருவது பயம்தான். பென்ஷனில் ஏதோ கோளாறு, அதைச் சொல்லத்தான் ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அவர்கள் கொண்டுவந்தது ஒரு போட்டோ. யாரோ ஒரு இங்கிலாந்துக்காரர் அந்தக் காலத்தில் எடுத்ததை இன்டர்நெட்டில் போட்டிருக்கிறாராம். கரி என்ஜின் கரும்புகை கக்கிக்கொண்டு லெவல் கிராஸிங் கேட்டைத் தாண்டுகிறது. இரண்டு பக்கமும் புதிதாக நட்ட வயல். ஒரு பையன் என்ஜினின் நம்பரைச் சொன்னான். இன்னொருவன் அது எந்த நாட்டில் செய்தது என்று சொன்னான். அந்த என்ஜின் பின்னாலேயே அத்தனை வருஷம் போன எனக்கு இரண்டுமே தெரியாது.

மூன்றாமவன், "ஐயா, இந்த ஓரத்தைப் பாருங்க. ரெண்டு பேர் ரயிலுக்கு எதிர்ப்பக்கமா ஓடுறாங்க. நல்ல ஃப்ரேமு, கெடுத்துட்டாங்க" என்றான்.

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தேன். தலையில் பெட்டியோடு ஒரு ஆள். பின்னால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண். வரப்பில் ஓடுகிறார்கள்.

அந்த ஃப்ரேம் கெட்ட கதையை எழுதிக் கொடுங்கள் என்று பையன்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது டெல்டாவில் ஒரு மீட்டர் கேஜ் கிளைப்பாதை. எந்தப் பாதை, எந்த ஜங்ஷன் என்று எழுதப்போவதில்லை. சம்பந்தப்பட்டவர்களில் பாதிப் பேர் ரிட்டயர் ஆகிவிட்டார்கள், மீதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் விசாரணை வைப்பதற்கு அதெல்லாம் ஒரு தடையே இல்லை. ஒரு முனையில் உப்பளம், மறு முனையில் மெட்ராஸ் வண்டி நிற்கிற ஜங்ஷன், நடுவில் நெல்வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடியக்கரைப் பக்கம் போகிற பறவைகள் எங்கள் வண்டியை முந்திக்கொண்டு போகும். சில சமயம் ஆடுகளும் போகும்.

என் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. கணக்கு வாத்தியார் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலே எனக்கு வயிறு கலங்கும். ஒருநாள் கலங்கிய வயிற்றோடு வெளியே போனவன் அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. தண்டவாளத்தில் ஜல்லி அடிக்கிற கேங்கில் சில வருஷம் இருந்துவிட்டு கேட்மேன் ஆனேன். பயிற்சி காலையில் ஆரம்பித்து மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது. சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, சங்கிலி, பூட்டு. இதற்கு மேல் சொல்லித்தர அவர்களிடமும் ஒன்றுமில்லை.

கேட்மேன் என்றால் கேட்டுக்குப் பக்கத்தில் குடிசை, வாசலில் முருங்கைமரம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் பாதையில் கேட்டுகள் நிறைய, ஆட்கள் குறைச்சல். அதனால் கேட்மேனையே வண்டியில் ஏற்றி விட்டார்கள். முன்பக்கம் ஒருவர், கடைசியில் கார்டு இருக்கிற பிரேக் வேனில் ஒருவர். ஒவ்வொரு கேட்டுக்கு முன்னாலும் வண்டி நிற்கும். முன்கேட்மேன் இறங்கி ஓடி, கேட்டை மூடிச் சங்கிலி போட்டுப் பூட்டி, கொடி காட்டுவார். வண்டி மெதுவாகத் தாண்டும். அவர் ஓடிப்போய் என்ஜினில் தொற்றிக்கொள்வார். கடைசிப் பெட்டி தாண்டியதும் மறுபடி நிற்கும். பின்கேட்மேன் இறங்கி, கேட்டைத் திறந்து, ஓடி வந்து ஏறிக்கொள்வார். கார்டு பச்சைக்கொடி ஆட்டுவார். வண்டி கிளம்பி, மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அடுத்த கேட் வந்துவிடும்.

முன்னால் போனவன் கோவிந்தராசு. பின்னால் நான், சவரிமுத்து.

எனக்கு இரண்டு பயம். திறந்த கேட்டைச் சரியாகத் திறந்தேனா என்பது ஒன்று. என்னை விட்டுவிட்டு வண்டி போய்விடும் என்பது இன்னொன்று. இரண்டாவது பயத்தில் முதல் வேலையை அரக்கப் பரக்கச் செய்துவிட்டு ஓடி வருவேன். ஏறிய பிறகு முதல் பயம் பிடித்துக்கொள்ளும். கோவிந்தராசு, "இவன் பொண்டாட்டிய விட்டாலும் விடுவான், வண்டிய விடமாட்டான்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். என் மனைவி காதுக்கும் அது போயிருந்தது.

வண்டி கேட்டுக்குக் கேட் நின்றதால் ஜனங்கள் ஸ்டேஷனை மறந்தே போனார்கள். ஸ்டேஷன் ஊரை விட்டுத் தள்ளி எங்கேயோ இருக்கும், கேட் வீட்டு வாசலில் இருக்கும். எல்லாரும் கேட்டில்தான் ஏறுவார்கள், இறங்குவார்கள். ஒரு கேட்டில் விட்டுவிட்டால் குறுக்கே ஓடி அடுத்த கேட்டில் பிடிப்பார்கள். அதற்கு இளவட்டமாகக்கூட இருக்க வேண்டியதில்லை.

கார்டு பத்மநாபன் சார் பற்றிச் சொல்ல வேண்டும். கரிப்புகையில் நாங்கள் எல்லாரும் அடுப்பில் விழுந்த பூனை மாதிரி இருக்க, அவருடைய வெள்ளைச் சட்டை மட்டும் வெள்ளையாகவே இருக்கும். சத்தம் போட மாட்டார். திட்டுவதைக்கூட மழை வருமா வராதா என்று சொல்கிற குரலில்தான் சொல்வார். கொடி காட்டுவதற்கு முன் இடது பக்கம் பார்ப்பார், வலது பக்கம் பார்ப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார், கடைசியில் தலையைத் தூக்கி வானத்தைப் பார்ப்பார். வானத்தைப் பார்க்கச் சொல்லி எந்த விதியும் கிடையாது. தூரத்தில் யாராவது கையில் கூடையோடு ஓடி வந்துகொண்டிருந்தால், அன்றைக்கு வானத்தில் பார்க்க வேண்டியது நிறைய இருக்கும்.

புங்கமரத்து கேட்டில் தினமும் ஏறுகிறவள் மலர்க்கொடி. அவள் அப்பா மாரிமுத்து, பண்ணை வேலையில் இருந்து, பிறகு கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தவர். அவள் எங்கள் வண்டியிலேயே பள்ளிக்கூடம் போய், நர்ஸ் படிப்பும் படித்தாள். வண்டி போன வேகத்துக்கு டாக்டருக்கே படித்திருக்கலாம். அவளுக்கு சவூதியில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. அப்போதெல்லாம் தெருவுக்கு ஒருவர் வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், ஆனால் அந்தத் தெருவிலிருந்து ஒரு பெண் போவது அதுதான் முதல் தடவை.

கிளம்புவதற்கு முதல்நாள் கேட்டில் இறங்கும்போது சொன்னாள்: "அண்ணே, நாளைக்கு உங்க வண்டியிலதான் கடைசிப் பயணம். ஜங்ஷன்ல மெட்ராஸ் வண்டி, மறுநாள் ஃபிளைட்டு. அத விட்டா எடத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு ஏஜென்ட் சொல்லிட்டான்."

"பஸ்ஸுல போயிடும்மா" என்றேன். என் வண்டியைப் பற்றி எனக்குத் தெரியும்.

"அப்பா கேக்கமாட்டேங்குது. பஸ்ஸு மேல பொட்டியப் போட்டா மழையில நனைஞ்சிடுமாம். ரயிலு நம்ம வீட்டு ஆளு மாதிரிங்குது."

வீட்டு ஆளை நம்பிக் கெட்டவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துக்கொண்டு அன்றைக்கு நான் தூங்கவே இல்லை.

மறுநாள் பார்த்து வெள்ளைக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். ஒரு வேன் நிறைய ஆண்கள். எல்லாரும் பெரிய மனிதர்கள், ஆனால் அரைக்கால் சட்டை. முழங்கால் எல்லாம் வெயிலில் வெந்து செம்பருத்திப் பூ மாதிரி இருந்தது. எங்கள் பாதையில் கரி என்ஜின் ஓடப்போவது இன்னும் கொஞ்ச நாள்தான் என்று கேள்விப்பட்டு, போட்டோ எடுக்க வந்திருக்கிறார்கள். மேலிடத்தில் அனுமதி வாங்கியிருந்தார்கள். கேட்கிற இடத்தில் வண்டியை நிறுத்தி ஒத்துழைக்க வேண்டும் என்று உத்தரவு. வேனை ஜங்ஷனுக்கு அனுப்பிவிட்டு எங்கள் வண்டியில் ஏறிக்கொண்டார்கள்.

அவர்களுக்குள் மூத்தவர், வைக்கோல் தொப்பி போட்டவர், பிரேக் வேனில் எங்களோடு உட்கார்ந்துகொண்டார். வழியெல்லாம் பேசினார். கார்டு சார் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் ஊரிலும் இப்படி ஒரு கிளைப்பாதை இருந்ததாம். ஆடு மேய்க்கிற மலைப்பக்கம். பால் கேன் ஏற்றுகிறவரைக்கும் வண்டி நிற்குமாம். முட்டைக்கூடையோடு ஒரு அம்மாள் ஓடி வந்தால் டிரைவர் பார்க்காத மாதிரி நிற்பாராம். எனக்கு இதில் அதிசயமாக ஒன்றும் தெரியவில்லை. முட்டைக்குப் பதில் கத்திரிக்காய் என்று மாற்றிக்கொண்டேன்.

"அப்பறம் என்னாச்சாம்?" என்றேன்.

"நஷ்டம்னு மூடிட்டாங்களாம். கடைசி நாள் அன்னிக்கு எங்கெங்கிருந்தோ கூட்டமாம். பாண்டு வாத்தியமாம். எல்லார் கையிலயும் கேமராவாம். இவரும் எடுத்தாராம்."

தொப்பிக்காரர் கொஞ்சம் நிறுத்தி, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு இன்னும் ஏதோ சொன்னார்.

"இவங்க அம்மா வாராவாரம் அந்த வண்டியிலதான் சந்தைக்குப் போவாங்களாம். கடைசி வண்டியில அவங்களுக்கு ஏற எடம் கெடைக்கலியாம். பிளாட்பாரத்திலயே நின்னுட்டாங்களாம்" என்றார் கார்டு சார், மழை வருமா வராதா என்கிற அதே குரலில்.

அடுத்த நிறுத்தத்தில் ஓடிப்போய் இதை டிரைவர் காதர் பாயிடம் சொன்னேன். அவர் கரி படிந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப சரிதான். சீக்காளி இன்னும் கண்ண மூடல, அதுக்குள்ள மாலையோட வந்துட்டாங்க."

அதைக் கேட்டதும் எனக்கு மூன்றாவது பயமும் வந்துவிட்டது. பாதையை மூடினால் கேட் எதற்கு, கேட் இல்லாவிட்டால் நான் எதற்கு?

புங்கமரத்து கேட் வந்தது. சாயங்கால வெயில் சாய்ந்து விழுந்தது. தொப்பிக்காரர் எழுந்து நின்று கையைத் தூக்கிவிட்டார். வெள்ளைக்காரர்கள் எல்லாரும் வயலில் இறங்கி, நட்ட நாற்றை மிதிக்காமல் வரப்பில் வரிசையாக நின்றார்கள். அவர்கள் கேட்டது இதுதான். கேட்டை மூடிவைக்க வேண்டும். வண்டி வாய்க்கால் பாலம் வரை பின்னால் போக வேண்டும். அங்கிருந்து நிற்காமல், புகை விட்டுக்கொண்டு வேகமாகக் கேட்டைத் தாண்டி ஓட வேண்டும். தாண்டி நின்றபின் மறுபடி பின்னால் வந்து அவர்களை ஏற்றிக்கொள்ளலாம். கேட்டுக்குக் காவலாக நான் தரையில் நிற்க வேண்டும்.

அந்தக் கேட்டில் வண்டி நிற்காமல் போனதாக சரித்திரமே கிடையாது. பெட்டிக்குள் இருந்தவர்கள் வண்டி பின்னால் போவதைப் பார்த்து, "ஏய், எதையோ மறந்து வச்சிட்டு வந்துட்டானுவபோல" என்று சிரித்தார்கள். எங்கள் வண்டியில் அவசரக்காரன் எவனும் ஏறமாட்டான், அதனால் யாரும் கோபப்படவில்லை.

காதர் பாய் அன்றைக்கு ஓட்டினார் பாருங்கள். அந்தக் கிழட்டு என்ஜின் ஊளையிட்டுக்கொண்டு, புங்கமரத்து இலையெல்லாம் உதிர, என் முன்னால் பறந்து போனது. கேமராக்கள் பட்டாசு மாதிரி வெடித்தன. அப்போதுதான் பார்த்தேன். இரண்டு வயல் தள்ளி வரப்பில் மாரிமுத்து, தலையில் பெட்டியோடு. பின்னால் மலர்க்கொடி. இரண்டு பேரும் வண்டி நிற்காமல் போவதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வண்டி கேட்டைத் தாண்டி முடிப்பதற்குள் மாரிமுத்து திரும்பினார். எதிர்ப்பக்கம், மண்சாலையில் நாற்றுக்கட்டு ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் கிளம்பிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து ஓட ஆரம்பித்தார்.

"மாரிமுத்தண்ணே, நில்லுங்க. வண்டி திரும்பி வரும்" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"போன வண்டி எந்த ஊர்லடா திரும்பி வரும்?" என்று ஓடிக்கொண்டே கத்தினார். "மதகடி கேட்டத் தாண்டி பஸ்ஸப் புடிச்சிக்கிறோம். நீ வாய மூடு."

மலர்க்கொடி மட்டும் ஒருதரம் திரும்பி என்னைப் பார்த்தாள். அப்பாவை நம்புவதா, கேட்மேனை நம்புவதா என்கிற பார்வை. கடைசியில் அப்பா பின்னால் ஓடினாள். டிராக்டர் போய்விட்டது. அதன் பிறகு வண்டி ஆடி அசைந்து பின்னால் வந்து என் முன்னால் நின்றது.

கார்டு சாரிடம் ஓடினேன். "சார், பொண்ணு போயிட்டுது சார். வண்டி போயிட்டுன்னு நெனச்சுகிட்டு போயிட்டுது. இப்ப டிராக்டர் சேத்துல மாட்டினா பஸ்ஸும் போயிடும், மெட்ராஸ் வண்டியும் போயிடும், ஏஜென்ட் வேற ஆளப் போட்டுடுவான்" என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

அவர் பதில் சொல்வதற்குள் வெள்ளைக்காரர்கள் கூடிப் பேசி, இன்னொரு தரம் ஓட்டச் சொன்னார்கள். ஓரத்தில் யாரோ ஓடி போட்டோவைக் கெடுத்துவிட்டார்களாம்.

உத்தரவு மேலிடத்து உத்தரவு. கார்டு சார் காதர் பாயைப் பார்த்தார். காதர் பாய் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்து, "என்ஜின்ல தண்ணி இல்ல. இனிமே ஓட்டுனா பாய்லர் வெடிச்சிடும்னு சொல்லுங்க சார்" என்றார்.

எனக்கு நான்காவது பயம் வந்துவிட்டது. வெடிப்பதற்காக அல்ல. இந்த ஆட்கள் கரி என்ஜினை அக்கு அக்காக அறிந்தவர்கள், அவர்களிடம் போய் இப்படி ஒரு புளுகா? நான் பயந்தபடியே தொப்பிக்காரர் ஏணியைப் பிடித்து என்ஜினில் ஏறினார். தண்ணீர் அளவு காட்டும் கண்ணாடிக் குழாயைக் குனிந்து பார்த்தார். அதில் தண்ணீர் கழுத்துவரை நின்றது, எனக்கே தெரிந்தது. நிமிர்ந்து காதர் பாயைப் பார்த்தார். காதர் பாய் வேறு எங்கோ பார்த்தார். தொப்பிக்காரர் கார்டு சாரிடம் ஏதோ கேட்டார். கார்டு சார் தூரத்து மண்சாலையைக் காட்டி இரண்டே வரி சொன்னார். நாற்றுக்கட்டுகளின் மேல் ஒரு பெட்டியும் இரண்டு தலைகளும் ஆடிக்கொண்டு போவது தெரிந்தது.

தொப்பிக்காரர் கீழே இறங்கினார். தன் ஆட்களைப் பார்த்து முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, தண்ணீர் இல்லை, எல்லாரும் ஏறுங்கள் என்று கையைக் காட்டினார். முணுமுணுத்துக்கொண்டு ஏறினார்கள். அவர் கடைசியாக ஏறினார்.

அடுத்தது மதகடி கேட். அங்கேதான் அந்த மண்சாலை ரயில்பாதையைக் கடந்து பஸ் ரோட்டுக்குப் போகிறது. நாங்கள் போய் நின்றபோது கேட்டருகில் டிராக்டர் இல்லை, சேற்றில் புதிய டயர் தடமும் இல்லை. வழியில் எங்கோ நாற்றுக்கட்டை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். கோவிந்தராசு மூடினான், வண்டி தாண்டியது, நின்றது. நான் இறங்கி, பழக்கதோஷத்தில் ஓடிப்போய்ப் பூட்டில் சாவியைப் போட்டேன்.

"சவரி" என்றார் கார்டு சார் பிரேக் வேனிலிருந்து. "பூட்டு மக்கர் பண்ணுதா?"

"இல்ல சார். நேத்திக்குத்தான் எண்ணெய் போட்டேன்."

"பண்ணுது பாரு."

"சத்தியமா இல்ல சார். இந்தா, தொறந்துட்டேன்."

"சவரி" என்றார் மறுபடி. குரல் அதே குரல்தான். "கேட்டு தொறந்தா டிராக்டரு நேரா பஸ் ரோட்டுக்குப் போயிடும். மூடியிருந்தா நிக்கும். பூட்டு மக்கர் பண்ணுதா?"

எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அப்போதுதான் விளங்கியது. "ஆமா சார், ரொம்பப் பண்ணுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் பூட்டினேன். சாவியை நுழைத்தேன், எடுத்தேன், ஊதினேன், வேட்டி முனையில் துடைத்தேன். என்னை விட்டுவிட்டு வண்டி போய்விடுமே என்று கால் தானாக ஓடப் பார்த்தது. பிடித்து நிறுத்திக்கொண்டேன். கார்டு சார் கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். வானத்திலேயே இருந்தார். தொப்பிக்காரரும் பக்கத்தில் நின்று, அங்கே அப்படி என்ன இருக்கிறது என்று அண்ணாந்து பார்த்தார்.

டிராக்டர் சத்தம் கேட்டது. சேற்றை வாரி இறைத்துக்கொண்டு வந்து கேட்டுக்கு முன்னால் நின்றது. நாற்றுக்கட்டு மேலிருந்து மாரிமுத்து கத்தினார்.

"சவரி, கேட்டத் தொறடா. எங்க வண்டி போயிட்டுது, பஸ்ஸப் புடிக்கணும்."

"உங்க வண்டிதாண்ணே இது. ஏறுங்க."

"எங்க வண்டி அப்பவே போயிட்டுது. என் கண்ணால பாத்தேன். இது எந்த வண்டியோ. தொறடா, பொண்ணு பொழப்பு போவுது."

"அண்ணே, அதே வண்டிதான். பின்னால வந்துச்சு, மறுபடி..."

"நீ எனக்கு ரயிலு பாடம் எடுக்கறியா? வண்டி பின்னாலயும் போவும் முன்னாலயும் போவும்னா அது ரயிலா, ஊஞ்சலா?"

மலர்க்கொடி எங்கள் வாதத்துக்கெல்லாம் காத்திருக்கவில்லை. டிராக்டரிலிருந்து குதித்தாள். "அப்பா, எந்த வண்டியா இருந்தா என்னா? ஜங்ஷனுக்குத்தான போவுது" என்று சொல்லிவிட்டுக் கேட்டுக்கு அடியில் நுழைந்து ஓடி ஏறிவிட்டாள். கோவிந்தராசு பெட்டியை வாங்கிக்கொண்டான். மாரிமுத்து, யாரோ தன்னை ஏமாற்றுகிறார்கள் என்கிற முகத்தோடு ஏறினார். நான் கேட்டைத் திறந்தேன். பூட்டு வெண்ணெய் மாதிரி திறந்தது.

ஆனால் நேரம் போய்விட்டிருந்தது. மெட்ராஸ் வண்டி கிளம்புகிற நேரத்துக்குள் நாங்கள் போய்ச் சேரமாட்டோம் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. ஜங்ஷனுக்கு முந்தைய ஸ்டேஷனில் கார்டு சார் இறங்கிப் போய் போனைச் சுற்றினார். அவர் பேசியதை நான் வாசலில் நின்று கேட்டேன்.

"ஃபாரினர்ஸ் இருக்காங்க. ஒரு கோஷ்டியா. ஆமா, மேலிடத்து லெட்டரோட வந்தவங்க. மெட்ராஸ் கனெக்ஷன். வண்டிய நிறுத்தி வைங்க."

வெளியே வந்தவரிடம், "சார், அவங்க வேன்ல போறவங்க. மெட்ராஸ் வண்டியில போகலியே. கண்டுபிடிச்சா?" என்றேன்.

"கூலிக்காரன் பொண்ணுக்காக எக்ஸ்பிரஸ் நிக்காது சவரி" என்றார். "ஏறு."

ஜங்ஷனில் எக்ஸ்பிரஸ் நின்றது. ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியைச் சரி செய்துகொண்டு, சிரித்த முகத்தோடு பிளாட்பாரத்தில் காத்திருந்தார். எங்கள் வண்டி நின்றதும் வெள்ளைக்காரர்கள் அவரைக் கண்டுகொள்ளாமல் என்ஜினைப் படம் பிடிக்க முன்பக்கம் ஓடினார்கள். அவர் நீட்டிய கை நீட்டியபடியே இருக்க, அதைத் தாண்டிக் கோவிந்தராசு தலையில் பெட்டியோடு ஓடினான். பின்னால் முழங்கால் வரை சேறோடு மலர்க்கொடி, எங்கள் வண்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மாரிமுத்து. அதற்குப் பின்னால் நான், ஏன் ஓடினேன் என்று எனக்கே தெரியாது.

பெட்டியை உள்ளே தள்ளினோம். ஏறி நின்று திரும்பினாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், அழுகை வந்துவிட்டது. "அண்ணே, அந்தக் கேட்ட ஒழுங்காத் தொறந்துட்டு வந்தீங்களா?" என்றாள்.

வண்டி நகர்ந்தது. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரியும் தூக்கம் போயிற்று.

வெள்ளைக்காரர்கள் எங்கே என்று ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டதற்கு, "மனசை மாத்திக்கிட்டாங்க. அவங்க அப்படித்தான்" என்றார் பத்மநாபன் சார், வானத்தைப் பார்த்தபடி.

காதர் பாய் சொன்னது பலித்தது. கரி என்ஜின் போயிற்று, சில வருஷத்தில் பாதையையே பிடுங்கிப் போட்டார்கள். ஆனால் மூடுவதற்கு அல்ல, பிராட் கேஜ் போடுவதற்கு. இப்போது புதிய ரயில் ஓடுகிறது. புங்கமரத்து கேட் இருந்த இடத்தில் சுரங்கப்பாதை. ஐப்பசி மழையில் அதில் நாற்று விடலாம். மலர்க்கொடி சவூதி போய், அங்கிருந்து வேறு நாடும் போய், அங்கேயே வீடு வாங்கிவிட்டாள். லீவுக்கு வந்தால் காரில்தான் வருவாள், என்னையும் பார்த்துவிட்டுப் போவாள்.

மாரிமுத்து கடைசிவரை என்னை நம்பவில்லை. டீக்கடையில் என்னைப் பார்த்தால் விடமாட்டார். "அன்னிக்கு ரெண்டு வண்டி வந்துச்சு. மொத வண்டிய நாங்க விட்டுட்டோம். ரெண்டாவது வண்டியிலதான் எம் பொண்ணு போச்சு. இவன் ஒரே வண்டிங்கறான். ரயில்வேல வேல பாத்து என்னா பிரயோஜனம்?" என்பார். கேட்டவர்கள் எல்லாரும் அவர் பக்கம்தான். போன வண்டி திரும்பி வரும் என்று யார் நம்புவார்கள்?

பையன்களிடம் அந்தப் போட்டோவைப் பெரிதாக ஒன்று எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். மலர்க்கொடி அடுத்த தடவை வரும்போது கொடுக்க வேண்டும். மாரிமுத்து போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. இருந்திருந்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்திருப்பார். புகை விட்டுக்கொண்டு ஓடுகிற அந்த வண்டியின் மேல் விரலை வைத்து, டீக்கடை முழுவதும் கேட்கிற மாதிரி சொல்லியிருப்பார்: "பாருங்கடா, நான் சொன்னேன்ல. இதாண்டா மொத வண்டி."